தன் எருமைகளுக்காகப் பட்டவன்: தமிழில் செல்வம் என்னும் கருத்து

   

‘மாடு’ என்றால் செல்வம் என்பதும், கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் அச்சொல்லை அப்படியே ஆண்டிருப்பதும் நீங்கள் அறிந்தவை. வழக்கு அதன் மேல் அன்று. கால்நடையைச் செல்வமாக மதித்தது வடக்கிலிருந்து வந்த, பசுவே செல்வம் என்னும் கோதனக் கருத்து, பசுவின் புனிதம் முன்னே வந்தது, செல்வ மதிப்பு பின்னே வந்தது என்று நண்பர்கள் சிலர் நெடுங்காலமாக எழுதிவருகிறார்கள். நான் மறுத்துவருகிறேன். ஒரு சொல்லை வைத்து இதைத் தீர்க்க முடியாது. கல்லை வைத்துத் தீர்க்கலாம்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழி எழுத்து பொறித்த நடுகல் கிடைத்தது. தொல்காப்பியர் வெட்சித்திணையில் சொல்லும் ‘ஆகோள்’ என்ற சொல்லே அதில் இருக்கிறது. ‘அதிலும் ஆதானே இருக்கிறது, ஆ என்றால் பசுதானே?’ என்பார்கள் நண்பர்கள். சரி, எடுத்தனூருக்கு வாருங்கள்.

எடுத்தனூர் திருவண்ணாமலை மாவட்டத்து ஊர். அங்குள்ள நடுகல் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எழுத்து வட்டெழுத்து. வீரன் பெயர் கருந்தேவக்கத்தி. அவன் யாருடைய இளமகன் என்பதையும் கல் சொல்கிறது. அடுத்து வரும் செய்திதான் நம் வழக்குக்குச் சாட்சி: அவன் பட்டது தன் எருமைகளின் பொருட்டு. பசு என்று கல் சொல்லவில்லை. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆநிரை என்றும் சொல்லவில்லை. அவை அவனுடைய எருமைகள்.

அதே கல்லில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். அதற்குப் பெயரும் உண்டு, கோவிவன். கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் தனியே எழுத்து வெட்டியிருக்கிறார்கள். எருமையைக் காத்த நாயின் பெயரைக் கூட மறக்கக் கூடாது என்று ஓர் ஊர் முடிவுசெய்தது. சடங்கில் எருமைக்கு என்ன புனிதம்? அது எமனின் ஊர்தி, மகிடனின் உருவம். அதற்காக ஒருவன் உயிர் விட்டான், ஊர் கல் நட்டது. காரணம் ஒன்றே: எருமை என்றால் பால், மோர், நெய், உழவு, எரு, கன்று. குடும்பம் அதை நம்பி நின்றது. பிழைப்பு தந்த மதிப்பு அது. புனிதம் அதைத் தரவில்லை.

நாட்டார் வழிபாடும் இதையே சொல்கிறது. செங்கம், தருமபுரிப் பக்கத்தில் இத்தகைய கற்களை மக்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கல்வெட்டைப் படிக்கத் தெரியாத காலத்திலும் பொங்கலிட்டார்கள். செல்வத்தைக் காத்தவன் சாமியானான்.

நேரம் குறைவு. மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காஸ்பியன் கடலோரக் கல்மிக்கர்கள் குதிரை, ஒட்டகம், மாடு, ஆடு கொண்டே செல்வத்தைக் கணக்கிட்டவர்கள். லத்தீனில் பணத்தின் பெயர் கால்நடையின் பெயரிலிருந்து பிறந்தது. ஆகவே இந்த மதிப்பு ஒரு நாட்டின் ஏற்றுமதிச் சரக்கு அன்று. நீலகிரித் தோதவர்களின் எருமை மந்தைகளையும் இதனோடு வைத்து ஆராய வேண்டும். வள்ளி கதையில் தினையும் தேனும் செல்வமாக நிற்பது தனிக் கட்டுரைக்கு உரியது. பதினாறு பேறுகளின் பட்டியல் ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்பதையும் யாராவது எடுத்துச் செய்யலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வரை தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் ஊர்கள் இருக்கின்றன. வரும் மாட்டுப் பொங்கலன்று அங்கே போங்கள். எருமைகளுக்கு இடும் பெயர்கள், சுழி பார்க்கும் சொற்கள், சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் விலைக்குறிகள் எல்லாவற்றையும் இரு மொழியிலும் எழுதிவாருங்கள். அச்சொற்களை அறிந்த முதியவர்கள் குறைந்துவருகிறார்கள்.