பாரிபதாவிலிருந்து ஒரு சாட்சி



மன்னிப்பைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். மன்னித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒடிசாவில் பாரிபதா என்றொரு ஊர். ஆஸ்திரேலியாவிலிருந்து 1965இல் வந்த கிரஹாம் ஸ்டெயின்ஸ், சொந்த வீடுகளே ஒதுக்கிவைத்த தொழுநோயாளிகளுக்காக அங்கே உழைத்தார். மனைவி கிளாடிஸுக்கும் அதே பணிதான். 1999 ஜனவரி 22 இரவு, மனோகர்பூர் என்ற கிராமத்தில், பத்து வயது பிலிப், ஆறு வயது திமோத்தி என்ற தம் இரு மகன்களோடு கிரஹாம் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். நள்ளிரவு தாண்டி ஒரு கும்பல் வந்து வண்டிக்குத் தீ வைத்தது. தப்பி வரவும் விடவில்லை. தகப்பனும் பிள்ளைகளும் ஒன்றாய் எரிந்துபோனார்கள்.

கிளாடிஸுக்கு மிஞ்சியது ஒரே மகள். கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றார் அந்தத் தாய். பெற்ற வயிறு அப்படிச் சொல்லுமா என்று நாடே திகைத்தது.

எங்கிருந்து வந்தது அந்தப் பலம்? சிலுவையைப் பாருங்கள். ஆணி அடித்த ஒருவனும் இயேசுவிடம் மன்னிப்புக் கேட்டு வரவில்லை. வலி குறையட்டும் என்று அவரும் காத்திருக்கவில்லை. தொங்கிக்கொண்டே அவர்களுக்காக வேண்டினார். அந்த மன்னிப்பை இலவசமாய்ப் பெற்றவள் நான் என்று நம்புகிறவளால்தான் அதைப் பிறருக்கும் கொடுக்க முடியும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கிளாடிஸ் மன்னித்தார், வழக்கு நின்றுவிடவில்லை. முக்கியக் குற்றவாளிக்கு விதித்த மரண தண்டனையை உயர் நீதிமன்றம் 2005இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதி நீதிமன்றத்தின் வேலை. பழிவாங்கும் ஆசையைக் கடவுளிடம் ஒப்படைப்பது நம் வேலை. புருஷனிடம் அடிபட்டு வரும் பெண்ணிடம், "மன்னித்துவிட்டு அவனோடயே இரும்மா" என்று புத்தி சொல்கிறவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அது சுவிசேஷம் இல்லை, அநியாயம்.

நம் நிலைமை என்ன? வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணனும் தம்பியும் ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து திருவிருந்து வாங்குகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் பேர் போடவில்லை என்று ஆரம்பித்த கோபம் சாவு வீட்டு வாசல் வரை வருகிறது. பரமண்டல ஜெபத்தை மனப்பாடமாய்ச் சொல்லும் வாய், கூடப் பிறந்தவன் பேரைச் சொல்ல மறுக்கிறது.

கிளாடிஸ் உடனே ஊர் திரும்பிவிடவில்லை. பாரிபதாவிலேயே ஆண்டுக்கணக்கில் இருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். கணவர் பெயரில் அங்கே ஒரு மருத்துவமனை எழுந்தது. 2005இல் இந்திய அரசு கிளாடிஸுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. துக்கம் அவரை விட்டுப் போயிருக்காது. ஆனால் கசப்புக்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

இவ்வளவு நேரம் நான் பேசும்போது உங்கள் மனதில் ஒரு பெயர் வந்து போயிருக்கும். இன்று இரவு படுக்கும் முன் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு தடவை ஜெபம் பண்ணுங்கள்.