மெஷின் கொடுத்தாச்சு, மனசை யார் கேட்டது?



நெய்வேலியைச் சுற்றியுள்ள நம்ம ஊர்களில் கை கால் பாதிக்கப்பட்டவங்க இல்லாத தெரு கிடையாது. பைக் விபத்து, பலா மரத்திலிருந்து விழுந்தது, சின்ன வயசில் வந்த போலியோ என்று காரணம் பல. தையல், செல்போன் ரிப்பேர் என்று பயிற்சிக்கு அனுப்புகிறோம். ஆறு மாசம் கழித்துப் போய்ப் பார்த்தால் சில வீட்டில் மெஷின் மேல் அரிசி மூட்டை இருக்கும். "அதுக்கு ஆர்வமே இல்லீங்க" என்பார்கள்.

ஆர்வம் இல்லை என்பதை நாம் அப்படியே ஏற்க வேண்டாம். முதுகுத்தண்டில் அடிபட்ட பலருக்குச் சிறுநீர் வருவதே தெரியாது. பயிற்சி இடத்தில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்காது. பெண்பிள்ளை காலையிலிருந்து தண்ணியே குடிக்காது. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், நாலு நாள் லீவு, அப்புறம் வெட்கம், அப்புறம் போறதே இல்லை. இது சோம்பலா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பயிற்சி இடம் அவர்கள் புழங்கும்படி இருக்க வேண்டும். கேட்டு வாங்கலாம்.

இன்னொன்று துக்கம். ஒருத்தர் இறந்தால் பதினாறு நாள் துக்கம் கேட்க வரும் ஊர், காலை இழந்தவரிடம் மூணாம் நாளே "மனசைத் தேத்திக்கோ" என்கிறது. நடை, சம்பாத்தியம், கல்யாணப் பேச்சு எல்லாம் ஒரே நாளில் போச்சே! எடுத்த கால் வலிக்குது என்றால் சிரிக்கவும் கூடாது. அந்த வலி நிஜம், அதற்கு வைத்தியமும் உண்டு.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியைப் பாருங்க. எஸ். ராமகிருஷ்ணன் அப்போது பொறியியல் மாணவர். கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சிகிச்சை, பள்ளி, தொழிற்பயிற்சி எல்லாம் அங்கே உண்டு. 2020ல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வந்தது. அடிபட்டு வந்த பிள்ளைக்கு நாம் பத்து நாள் சொல்வதைவிட, சக்கர நாற்காலியில் இருக்கிற ஒருத்தர் பத்து நிமிஷம் சொல்வது மனசில் ஏறும்.

அதுக்கு ஆய்க்குடி வரைக்கும் போக வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு 5 பேர் சேர்ந்தாலே தனிக் குழு தொடங்க தேசிய ஊரக வாழ்வாதார இயக்க விதியில் இடம் உண்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கலாம். கடன் பிறகு வரட்டும், முதலில் உட்கார்ந்து பேசட்டும்.

ரெண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கலை, யாரிடமும் பேச்சில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொன்னால் பேச்சை மாற்றாதீங்க. "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்க. கேட்பதால் அந்த எண்ணம் புதுசாக வராது. தனியே விடாமல் 14416க்குப் போன் போடுங்க. 2022ல் தொடங்கிய டெலி மானஸ் அது. இரவு பகல் உண்டு, காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். பார்த்துக்கொள்ளும் அம்மாவும் பேசலாம். அவங்க தூக்கத்தை யாரும் கேட்பதில்லையே.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ரெண்டு விவரம் எழுதி எடுத்து வாங்க: பயிற்சி முடித்தும் வீட்டிலேயே இருப்பவர் எத்தனை பேர், பயிற்சி நடந்த இடத்தில் கழிப்பறை எப்படி இருந்தது.