ஒட்டுத்துணிப் போர்வை



நம் வீடுகளில் ஒரு நூற்சீலைக்குப் பல பிறவிகள் உண்டு. முதலில் அது கோயிலுக்கும் நல்லநாள் பெருநாளுக்கும் உடுத்துஞ் சீலை. நிறம் சற்று மங்கியதும் வீட்டில் உடுத்துஞ் சீலை. துவைத்துத் துவைத்து மென்மையடைந்த பின்னர், வளையிலே கட்டும் ஏணை. ஏணையிற் கிடந்த பிள்ளை எழுந்து நடக்கத் தொடங்கியதும், அதே சீலை கிழிக்கப்பட்டு அடுக்களையிற் கைபிடித் துணியாகின்றது. எஞ்சிய கடைசித் துண்டு விளக்குத் திரியாகி எரிந்து முடிகின்றது. ஒரு முழத் துணியையேனும் வீணாக்காத இல்லறம் அது.

இந்தப் பிறவிகளின் வரிசையில் இன்னுமொன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். அதுதான் ஒட்டுத்துணிப் போர்வை. சிறு துண்டுகளைக் கையூசியால் ஒன்றோடொன்று இணைத்து மேல்விரிப்பு ஆக்கி, அதன்கீழ்ப் பழந்துணியை அடுக்கி, எல்லா அடுக்குகளையும் ஊடுருவித் தையலிட்டு முடிப்பது இது.

இது நமக்குப் புறம்பான கலையன்று. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சீலைகளை அடுக்கித் தைக்கும் போர்வைக்குக் கந்தா என்று பெயர். அச்சொல்லும் நமது ‘கந்தை’ என்னுஞ் சொல்லும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. கருநாடகத்தின் வடகன்னடப் பகுதியில் வாழும் சித்தி இனப் பெண்கள், ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துச் செல்வர். நான்கு மூலைகளிலும் சிறு துணி மடிப்புக்களைப் பூவென்று வைத்துத் தைத்தாலன்றி அவர்களுக்குப் போர்வை நிறைவு பெறாது. புத்த பிக்குகளின் சீவரமும் துண்டுகளை இணைத்துத் தைத்த ஆடையே. மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் காட்டி, அவ்வண்ணம் ஓர் ஆடை அமைக்க இயலுமா என்று புத்தர் ஆனந்தரிடம் வினவியதாக விநய நூல் கூறுகின்றது. இரணைமடுக் குளத்தின்கீழ் விரிந்து கிடக்கும் வயல்வெளியைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

கிளிநொச்சியிலே இருந்து இவ்வேலையைச் செய்துவரும் என் கையில் இப்பொழுது இரண்டு போர்வைகள் இருக்கின்றன.

முதலாவது, ஒரு குழந்தைக்கு உரியது. அதற்கு வேண்டிய துணியை நான் விலைகொடுத்து வாங்கவில்லை. பள்ளித் தவணை தொடங்குங் காலத்தில் ஊர்த் தையற்காரப் பெண்களின் இயந்திரத்தின்கீழ் வெள்ளைச் சீருடைத் துணியின் வெட்டுத்துண்டுகள் குவிந்து கிடக்கும். கேட்டால் ஒரு பையில் அள்ளித் தருவார்கள். அவ்வெள்ளைத் துண்டுகளோடு, சட்டைகளும் பாவாடைகளும் தைத்து எஞ்சிய வண்ணத் துண்டுகளை மாறிமாறி வைத்திருக்கின்றேன். அகலத்துக்கு 6, நீளத்துக்கு 8, ஆக 48 சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் தைத்து முடிந்தபின் 5 அங்குலம். ஆகவே போர்வை 30 அங்குல அகலமும் 40 அங்குல நீளமும் கொண்டதாக அமையும்.

செய்ய விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. துண்டுகளை வெட்டுமுன் துவைத்து உலர்த்துங்கள். சாயம் ஊறுவதும் துணி சுருங்குவதும் அப்பொழுதே முடிந்துவிடட்டும். பருத்தியோடு பருத்தியையே சேருங்கள். இழுபடுந் துணியைச் சேர்த்தால் போர்வை கோணலாகும். கடதாசி மட்டையில் 5 அங்குலச் சதுரமொன்றை வெட்டி, அதனைத் துணியின் உட்புறத்தில் வைத்துப் பென்சிலாற் கோடிட்டு, கோட்டுக்கு வெளியே நாற்புறமும் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். அந்தக் கோடே நீங்கள் தைக்கவேண்டிய வழி. இரு துண்டுகளின் நற்புறங்களை ஒன்றையொன்று நோக்க வைத்து, மூலைகள் பொருந்தக் குண்டூசி குத்தி, கோட்டின்மேல் சிறு ஓட்டத் தையலாகச் செல்லுங்கள். அங்குலத்துக்கு எட்டுத் தையல் விழுந்தால் போதும். தொடக்கத்திலும் முடிவிலும் ஊசியை ஒருமுறை பின்னோக்கி எடுத்துத் தைத்தால் நூல் கழலாது. நூல் ஒரு முழத்துக்கு மேற்பட வேண்டாம். நீண்ட நூல் சிக்கும், தேயும், நேரத்தையும் தின்னும்.

சதுரங்களை முதலில் வரிசை வரிசையாக இணைத்து, பின்னர் வரிசைகளை ஒன்றோடொன்று சேருங்கள். மார்கழிப் பனிக்கு மேல் குளிர் அறியாத நம் வன்னிக்குப் பஞ்சு நிரப்பவேண்டிய அவசியமில்லை. நடு அடுக்குக்கு ஒரு பழஞ்சீலை போதும்.

இயந்திரம் இருக்கக் கையால் ஏன் தைக்கவேண்டும் என்று கேட்பார் உளர். இயந்திரம் விரைவானது, உறுதியானது, அதனை நான் குறைகூறவில்லை. ஆயினும், நைந்த துணியை அது அறியாது. எந்த இடத்தில் இழை தளர்ந்திருக்கின்றது, எந்த இடத்தில் தையல் கிழித்துவிடும் என்பதை விரல்நுனியே அறியும். இவ்வுண்மையை எனக்குத் தெளிவாக்கியது என் கையிலுள்ள இரண்டாவது போர்வை.

அயலிலுள்ள அம்மா ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு நூற்சீலையைக் கொண்டுவந்து தந்தார். 2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வன்னி மக்கள் மாத்தளன், பொக்கணை, முள்ளிவாய்க்கால் என்னும் கடற்கரை மணலிலே ஒதுங்கியிருந்ததை நேயர்கள் அறிவீர்கள். மணலிலே தோண்டிய பதுங்குகுழிக்குச் சுவர் நில்லாது. ஆதலால் மண்மூட்டை வேண்டியிருந்தது. சாக்கும் உரப்பையும் தீர்ந்தபின் பெண்கள் தங்கள் சீலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்தார்கள். நூற்சீலை, பட்டுச்சீலை, மணவறையில் உடுத்த கூறை எல்லாம் மண் நிரம்பிச் சுவராயின. வன்னியிலே பல குடும்பங்களின் பெட்டிகளில் அக்காலத்துக்கு முந்திய சீலையொன்றும் இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த அம்மாவின் கூறையும் அவ்வாறே போயிற்று. இந்த ஒரு சீலை மட்டும் தப்பியது. அவருடைய கைக்குழந்தை அதனுள்ளே சுற்றப்பட்டிருந்தமையே அது தப்பிய காரணம். செட்டிகுளத்து முகாமிலும் அதுவே ஏணையாயிற்று. அந்தக் குழந்தை இன்று உயர்தர வகுப்பிற் படிக்கின்றாள். வெளியூருக்குப் படிக்கப் போகும்போது கொண்டுபோவதற்கு அச்சீலையை ஒரு போர்வையாக்கித் தரவேண்டும் என்பதே தாயின் விருப்பம்.

நான் மூன்று நாட்கள் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. எஞ்சியிருப்பது இஃதொன்றே, இதனை வெட்டலாமா? மடித்துப் பெட்டியில் வைத்துக் காப்பதன்றோ முறை? ஆனால், பிரித்துப் பார்த்தபோது மடிப்பு விழுந்த இடமெல்லாம் இழை அறுந்திருந்தது. பூட்டி வைத்த துணியும் தேய்கின்றது. யாருக்கும் பயன்படாமலே தேய்கின்றது. என் தயக்கத்தைச் சொன்னபோது அவர் கூறிய மறுமொழி இது: “அன்றைக்குக் கூறையைக் கிழித்ததும் பிள்ளைக்காகத்தான், தங்கச்சி. இன்றைக்கு இதை வெட்டுவதும் பிள்ளைக்காகத்தானே.”

அதன்பின் வெட்டினேன். சீலையின் முந்தானையை வெட்டாமல் தாயிடமே கொடுத்துவிட்டேன். எஞ்சியதிற் பாங்கான பகுதிகளைத் துண்டாக்கி, ஒவ்வொன்றின் பின்னும் மெல்லிய புதுப் பருத்தித் துணியைத் தாங்கலாக வைத்து இணைத்துவருகின்றேன். பழைய இழை தனித்துத் தாங்காது; புதிய துணி பின்னிருந்தால் தாங்கும். கறை படிந்த துண்டொன்றை ஒதுக்கிவைத்தேன். அதையும் சேர்த்துவிடுமாறு அவர் சொன்னார். சேர்த்திருக்கின்றேன்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர். 1942ஆம் ஆண்டில் அங்கு மிசௌரி பெட்வே என்னும் பெண்மணி, இறந்துபோன தம் கணவரின் வேலையுடைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைந்து போர்த்துக்கொள்வதற்காகவே தைத்தார். அவ்வூர்ப் போர்வைகள் 2002ஆம் ஆண்டில் பெரிய அருங்காட்சியகச் சுவர்களை அடைந்தன. ஆனால் அவை சுவருக்காகத் தைக்கப்பட்டவையல்ல, உடம்புக்காகத் தைக்கப்பட்டவை.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் உடுக்க முடியாத, எறியவும் மனம் வராத துணி ஏதேனும் இருக்கக்கூடும். அதனை உடனே வெட்டிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். முதலில் தையற்காரரிடம் கேட்டு வெட்டுத்துண்டுகளைச் சேர்த்து, சிறியதொன்றைத் தைத்துக் கை பழகுங்கள். கை பழகியபின் அத்துணிக்கு உரியவரைக் கேளுங்கள். அவர் இல்லையெனின், அவரை அறிந்தவரைக் கேளுங்கள். அது யாருடைய சீலை, எப்பொழுது உடுத்தது என்பதை ஒரு சிறு வெள்ளைத் துணியில் எழுதி, அவ்வெழுத்தின்மேல் நூலாலே தைத்துப் போர்வையின் பின்புறத்தில் இணைத்துவிடுங்கள். பின்வரும் பிள்ளைகள் அதனைப் போர்த்துக்கொண்டு உறங்குவார்கள். ஒருநாள் புரட்டிப் படிப்பார்கள்.