அந்தச் சின்னப் பாக்கெட்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தாவரவியல் படித்தவனைப் பேசக் கூப்பிட்டால் புழு, பூச்சி என்றுதான் பேசுவான். பொறுத்துக்கொள்ளுங்கள்!

1901-இல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர், பட்டுப்புழுக்களைச் சாகடிக்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டார். பிறகு ஜெர்மனியில் பெர்லினர், மாவு அந்துப்பூச்சியின் புழுவில் அதே வகையைக் கண்டு, தூரிங்கியா என்ற ஊர்ப்பகுதியின் பெயரால் 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்றார். சுருக்கமாக பி.டி. மண்ணில் சாதாரணமாகக் கிடைப்பதுதான்.

இது வித்தாக மாறும்போது ஒரு புரதத்தைப் படிகமாகச் செய்கிறது. புழு தின்றால், அதன் காரக் குடலில் படிகம் கரையும்; குடல் நொதிகள் அதை வெட்டி நஞ்சாக்கும்; நஞ்சு குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓட்டை போடும். அவ்வளவுதான், புழு தின்பதை நிறுத்திவிடும். நம் வயிற்றிலோ அமிலம். அது ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை.

இந்தப் புரதத்தின் மரபணுவை வைத்த பருத்தி 2002-இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. 450 கிராம் விதையோடு, 120 கிராம் சாதாரணப் பருத்தி விதையும் தனிப் பாக்கெட்டில் வந்தது. வயலைச் சுற்றி விதைக்க.

என் அண்ணன் போன் பண்ணி, "இது எதுக்குடா?" என்று கேட்டார். "புழு திங்கிறதுக்குண்ணே. வேணாம்னா விட்டுடுங்க" என்றேன். படித்தவன் சொன்னானே என்று பாக்கெட்டைப் பிரிக்கவேயில்லை. அவரைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர்களும்.

நான் சொன்னதில் பாதிதான் சரி. நஞ்சுக்குத் தப்பிப் பிழைப்பது எங்கோ ஒரு புழு. சாதாரணச் செடியில் வளர்ந்த ஏராளமான அந்துப்பூச்சிகள் சுற்றியிருந்தால் அது அவற்றோடுதான் இணைசேரும். குஞ்சுகள் பெரும்பாலும் நஞ்சுக்குச் சாகும். அவை இல்லாவிட்டால் தப்பியது தப்பியதோடு சேரும். பச்சைக் காய்ப்புழுவுக்காவது துவரை, கடலை, தக்காளி உண்டு. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குப் பருத்தியை விட்டால் அநேகமாக வேறு கதியில்லை.

2006-இல் இரண்டு புரதம் உள்ள விதை வந்தது. 2010-இல், குஜராத்தில் இளஞ்சிவப்புப் புழு முதல் புரதத்தைத் தாங்கிவிட்டது என்ற செய்தி வந்தது. பிறகு இரண்டாவதையும் தாங்கியது.

ஒரு தை மாதம் ஊருக்குப் போனேன். அண்ணன் ஒரு காயைப் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே இளஞ்சிவப்பாக நெளிந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது அந்த விதையைப் பி.டி. விதையோடே கலந்து விற்கும் முறை வந்திருக்கிறது. இனி எந்த அண்ணனும் தம்பிக்குப் போன் பண்ண வேண்டியதில்லை.