டிரைவ்வேக்கு நாள் பார்ப்பது

புது வீட்டில் பால் காய்ச்ச நாள் பார்க்கிறோம். புதுக் கார் எடுக்கப் போனால் ராகு காலம் பார்க்கிறோம். அந்தக் கார் நிற்கிற டிரைவ்வேக்குச் சீலர் பூச மட்டும், லீவு கிடைத்த சனிக்கிழமை போதும் என்று இருந்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கிய வருடம், ஒக்டோபர் மாதம், தாங்ஸ்கிவிங் லீவு. வெயில் பளிச்சென்று இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இறங்கினேன், ஆறு மணிக்குப் பூசி முடித்தேன். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. இரவு குளிர்ந்தது. அடுத்த நாள் பின்னேரம் காரை ஏற்றினேன். டயரோடு சீலரும் கிளம்பி வந்தது. மிச்சம் பிள்ளைகளின் சப்பாத்தில் ஒட்டி, வரவேற்பறைக் கார்ப்பெட் வரை போனது. அந்த அடையாளம் கார்ப்பெட்டை மாற்றும்வரை போகவில்லை.

பிழை என்னுடையதுதான். நாங்கள் கடையில் வாளியாக வாங்குகிற சீலர் பெரும்பாலும் தண்ணீரில் கலந்த தார்க் கலவை. கண்ணுக்குத் தெரியாத துளிகளாகத் தார் அந்தத் தண்ணீருக்குள் நிற்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போனால்தான் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே படையாகும். குளிரில் தண்ணீர் லேசில் போகாது. விடியப்புறம் புல்லில் முத்து முத்தாக நிற்கிற அதே ஈரம் சீலர் மேலும் இறங்கும். ஆகவே பகல் வெயிலைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள், இரவைப் பாருங்கள். பூசுகிற நாளும் அன்றிரவும் வெப்பநிலை 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. குறைந்தது 24 மணி நேரம் மழை வரக் கூடாது. கார் ஏற்ற இரண்டு நாள் பொறுப்பது நல்லது. இதெல்லாம் வாளியிலேயே எழுதியிருக்கிறது. நான் வாளி வெறுமையான பிறகுதான் வாசித்தேன்.

ரொறன்ரோப் பக்கத்தில் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை இதற்குத் தோதான காலம். யூலை உச்சி வெயிலும் வேண்டாம். தரை கொதிக்கும்போது பூசினால், இழுக்க இழுக்கக் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். காலையில், ஈரம் உலர்ந்த கையோடு தொடங்குங்கள். இருட்டுவதற்கு முன் பல மணி நேர வெயில் சீலருக்குக் கிடைக்கும்.

புதிதாகத் தார் போட்டவர்கள் அவசரப்பட வேண்டாம். அதிலுள்ள இலகுவான எண்ணெய்கள் வெளியேறி இறுக ஆறு மாதம், ஒரு வருடம் எடுக்கும். அதற்குமுன் மூடினால் தரை மெதுமெதுப்பாகவே இருக்கும். பழைய டிரைவ்வேக்கும் வருடா வருடம் பூசத் தேவையில்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். படைமேல் படை ஏறினால் உரியத் தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரர் பூசுகிறார் என்பது ஒரு காரணமே அல்ல.

வெடிப்பு இருந்தால் அதை முதலில் அதற்குரிய பசையால் அடையுங்கள். சீலர் வெடிப்பை நிரப்பாது, மேலே கறுப்பாக மறைக்கும், அவ்வளவுதான். உள்ளே போன தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பெருகும். மார்ச் மாதத்தில் பகலில் உருகி இரவில் உறைந்து, அது தாரைப் பிளந்துவிடும்.

இன்னொன்று. கதவைத் தட்டி, "பக்கத்துத் தெருவில் வேலை முடிந்தது, சீலர் மிஞ்சியிருக்கிறது, இன்றைக்கே என்றால் பாதி விலை" என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்கிற "இன்று" அவருக்கு வசதியான நாள். வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள்.

இந்த வருடம் பூச வேண்டுமா என்று தெரியவில்லையா? நாளை காலை ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பாருங்கள். உருண்டு நின்றால் பழைய பூச்சு இன்னும் வேலை செய்கிறது, வாளிக்குக் காசு செலவழிக்காதீர்கள். தரை குடித்துக் கறுத்துப் போனால், அடுத்த பத்து நாள் வானிலை அறிக்கையை எடுத்து இரவு வெப்பநிலையைப் பாருங்கள்.