அகமதாபாத்தில் பிறந்த மின்னணு இசை

மின்னணு இசை என்றதும் ஜெர்மனியின் பெயர் முன்வந்து நிற்பது இயல்பே. 1969-இல் மேற்கு பெர்லினில் தொடங்கிய மூவர் குழு ஒன்றிலிருந்து ஒருவர் விலகியபின், 1971 முதல் ‘க்ளஸ்டர்’ என்ற பெயரில் இயங்கிய ரோடிலியஸ், மோபியஸ் ஆகிய இருவரும், மெட்டையோ தாளக்கட்டையோ முன்கூட்டி வகுத்துக்கொள்ளாமல், கருவி எழுப்பும் ஒலி எவ்வழி இட்டுச்செல்கிறதோ அவ்வழியே தொடர்வதைத் தம் படைப்புமுறையாகக் கொண்டனர்.

பெர்லினில் அம்முயற்சி தொடங்கிய அதே 1969-இல், அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்னணு இசைக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது என்பதைத் தமிழ் இரசிகர்களுள் அறிந்தோர் மிகச் சிலரே. பக்கவாஜ் வாசித்தவரும், 1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்னும் அமெரிக்க இசையமைப்பாளருக்கு இந்திய இசையைக் கற்பித்து அவரிடம் மேற்கத்திய இசையைக் கற்றவருமான கீதா சாராபாயின் ஆர்வத்தால் அது உருவாயிற்று. கேஜின் நெருங்கிய தோழரான டேவிட் ட்யூடர் நேரில் வந்து, மோக் சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியை அங்கே அமைத்துக்கொடுத்தார்.

அக்கருவியில் ஒலி பிறப்பது மின் அலைவிலிருந்து. செலுத்தும் மின்னழுத்தம் கூடினால் சுருதி உயரும், குறைந்தால் தாழும். அழுத்தத்தைச் சிறிதுசிறிதாக மாற்றும்போது ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியின்றி வழுக்கிச்செல்ல முடியும் என்பதால், கமகத்தை உயிராகக் கொண்ட நம் இசைக்கு அது ஹார்மோனியத்தைவிட நெருக்கமானது என்றே சொல்ல வேண்டும். கட்டைகளில் சுரம் வளையாது என்ற குறையும் ஒரு காரணமாகத்தான் 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை விதித்தது. அத்தடை 1970-களின் தொடக்கம்வரை தளரவில்லை.

மற்றொரு கருவி, ஒலிநாடா. சென்னையை அடுத்த திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின் தகட்டை அடிக்கும் ஓசையை நாடாவில் பதிந்து, அந்தத் துண்டை வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கிச் சுழலவிட்டால், ஒரே அடி மீண்டும் மீண்டும் ஒலித்துத் தாளமாகிவிடும். சுழலும் வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். இசைக்கும் இரைச்சலுக்கும் இடையே மரபு போட்டிருந்த வேலியை இத்தகைய உத்திகளே உலகெங்கும் தகர்த்தன.

அகமதாபாத் கூடத்தில் கீதா சாராபாயுடன் ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் இசை படைத்தனர். க்ளஸ்டரின் ஆக்கங்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்து, 1977-இல் ஆங்கில இசைக்கலைஞர் பிரையன் ஈனோ போன்றவர்கள் இணைந்து பணியாற்றும் அளவுக்குப் புகழ்பெற்றன. 1969 முதல் 1972 வரை பதிவான அகமதாபாத் நாடாக்களோ நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலேயே தங்கிவிட்டன. பிரிட்டனைச் சேர்ந்த இசைக்கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடிக் கண்டெடுத்து மீட்டபின், 2023-இல்தான் அவை தொகுப்பாக வெளியாயின. கற்பனையில் அகமதாபாத் பெர்லினுக்குப் பின்தங்கியிருக்கவில்லை. படைத்ததைக் கேட்போரிடம் கொண்டுசேர்க்கும் வழிதான் இல்லாமற்போயிற்று.

காந்தப்பூச்சு உதிர்ந்துவிட்டால் நாடாவிலுள்ள ஒலியை எவராலும் மீட்க முடியாது. ஆகவே தம் வீட்டிலோ, சபாவிலோ, பள்ளியிலோ பழைய ஒலிநாடாக்கள் வைத்திருப்போர், அவற்றைக் கழிவுப்பொருளாகக் கருதி எறிந்துவிடாமல், ஒலிப்பதிவு அறிந்தவர்களைக் கொண்டு காலந்தாழ்த்தாது டிஜிட்டல் படிகளாக மாற்றிவைக்க வேண்டும்.