கெட்ட காற்றும் நுளம்பும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கொட்டியாரக் குடாவில், பாய்மரத்தைச் செப்பனிடத் தங்கிய ஆங்கிலக் கப்பலொன்றின் தலைவரும் அவர் மகன் ரொபேட் நொக்ஸும் 1660இல் கண்டியரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். மறு ஆண்டிலேயே தந்தையார் அந்நிய மண்ணில் காய்ச்சல் கண்டு மாண்டார். இத்தகைய காய்ச்சலுக்குக் கெட்ட காற்றே காரணம் என மேனாட்டார் நெடுங்காலம் நம்பினர். மலேரியா என்னும் சொல்லின் பொருளும் அதுவே. நுளம்பே அதற்குக் காரணம் என்பது 1897இல் ரொனால்ட் ரொஸ் செய்த ஆய்வினாற் புலனாயிற்று.

நுளம்பை விரட்ட அந்தி வேளையில் வேப்பிலையும் நொச்சியும் புகைப்பது நம்மவர் வழக்கம். புகைக்கு நுளம்பு விலகும். ஆயினும், அடைத்த அறையில் அப்புகை மூச்சுக்கும் பகையாகும். கடைச் சுருளின் நிலையும் அதுவே. ஒரு சுருள் எரிந்து முடிகையில் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என 2003இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. நுளம்புக்காகக் காற்றைக் கெடுப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதற்கு ஒப்பாகும் அன்றோ?

உண்மையான பரிகாரம் புகையில் இல்லை, நீரில் இருக்கிறது. நுளம்பின் குடம்பி வளர்வது தேங்கிய நீரிலேதான். இலங்கையில் மலேரியா ஒழிந்ததென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால், அடுத்த ஆண்டே துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள கிண்ணியாவை டெங்கு வாட்டியது. வீட்டுப் பாத்திரத்து நீரே டெங்கு நுளம்பின் தொட்டில். முட்டை நுளம்பாக ஒரு வாரமளவு செல்லும். ஆதலின் வாரந்தோறும் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தலும், தொட்டிகளை மூடுதலும், மூடவியலாத கிணற்றிற் கப்பி மீன் வளர்த்தலும், வலைக்குள் உறங்குதலும் வேண்டும்.

கடல்கடந்து வந்தோர்க்கும், இங்கிருந்து கடல்கடந்து செல்வோர்க்கும் எந்நாட்டிலும் உதவும் மருந்து இது. இதனால் நுளம்பும் குறையும், காற்றும் கெடாது.